ஆலயத்தில் நாதம்: சுருதி, உரப்பு, பண்பு

இறைவன் நாத வடிவானவன் என்பது சைவ மரபு. அதிகாலைப் பூசைக்கு ஒலிக்கும் காண்டாமணி தொடக்கம், இரவு பள்ளியறை வாயிலில் மெல்ல அடங்கும் நாதஸ்வரம் ஈறாக, ஆலயத்தின் ஒரு நாள் முழுவதும் ஒலியினாலேயே அளக்கப்படுகிறது. நடமாட இயலாது வீட்டு விறாந்தையில் இருக்கும் ஒரு முதியவர், கோயிலில் இப்பொழுது அபிஷேகமா, தீபாராதனையா, சுவாமி வெளிவீதிக்கு வந்துவிட்டாரா என்பதைக் கேட்டே சொல்லிவிடுவார். இவ்வளவு கூர்மையாகக் கேட்கத் தெரிந்த ஊரில், கேட்டதைச் சொல்லுவதற்கான சொற்கள் மாத்திரம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அக்கலப்பினால் வரும் நட்டம் சிறிதன்று.

தீபாராதனை முடிந்து பஞ்சபுராணம் ஓதும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். அறநெறிப் பாடசாலை மாணவி ஒருத்தி தேவாரம் படிக்கத் தொடங்குகிறாள். பின்னால் நிற்பவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. “பிள்ளை, கொஞ்சம் உரத்துப் படியம்மா” என்கிறார் ஒரு பெரியவர். பிள்ளையும் சொற்கேட்டுக் குரலை எழுப்புகிறாள். அவள் எழுப்பியது சத்தத்தை மட்டுமன்று, சுருதியையும் சேர்த்தேயாகும். முதல் இரண்டு அடிகள் ஒருவாறு போகின்றன. மூன்றாம் அடியில் இசை மேலே ஏறும் இடத்தில் கூடப் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொள்கிறார்கள். பிறகு பெண்களிற் சிலரும் நிறுத்துகிறார்கள். திருவாசகத்துக்கு வரும்பொழுது பிள்ளை தனியே நிற்கிறாள். சபை கைகூப்பியபடி பேசாமல் நிற்கிறது.

பெரியவர் கேட்டது ஒன்று, பிள்ளை கொடுத்தது இன்னொன்று. இருவர் மீதும் குற்றமில்லை. ‘ஏற்றிப் பாடு’, ‘உயர்த்திப் பாடு’, ‘சத்தமாய்ப் பாடு’ என்னும் பேச்சு வழக்குகள் எல்லாம் ஒரே பொருளில் வழங்குவதே இதற்குக் காரணம்.

பாடசாலையில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு இவற்றைப் பிரித்தறியும் சொற்கள் முன்பே தெரியும். ஒலியின் இயல்புகள் சுருதி, உரப்பு, பண்பு என மூன்று என்று மனனஞ் செய்து அவர்கள் பரீட்சையும் எழுதியிருப்பார்கள். சுருதி என்பது ஒலியின் உயர்வு தாழ்வு. அது ஒரு செக்கனில் எத்தனை அதிர்வுகள் நிகழ்கின்றன என்னும் மீடிறனைப் பொறுத்தது. உரப்பு என்பது ஒலியின் பலம். அதிரும் பொருள் எவ்வளவு தூரம் விலகி ஆடுகிறது என்னும் வீச்சத்தோடு அது கூடிக் குறையும். பண்பு என்பது, சுருதியும் உரப்பும் ஒன்றாகவே இருந்தாலும், இது சங்கு, இது நாதஸ்வரம், இது அம்மாவின் குரல் என்று செவி இனங்காண்பதற்கு ஏதுவானது. பரீட்சை முடிந்ததும் புத்தகம் மூடப்படுகிறது. கோயில் வாசலில் நின்று கேட்கும் ஒலிகளைப் பற்றியே அப்பாடம் பேசிற்று என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மூன்றையும் பிரித்துக் காட்டுவதற்குப் பூசை மணியை விட நல்ல உபகரணம் இல்லை. கைமணியை மெல்ல அசைத்தாலும் பலமாக அசைத்தாலும் அதன் சுருதி ஒன்றுதான், மாறுவது உரப்பு. கைமணியை விட்டுக் காண்டாமணியை அடித்தால், எவ்வளவு மெதுவாக அடித்தாலும் சுருதி தாழ்ந்தே கேட்கும். பெரிய மணி மெதுவாக அதிர்வதே அதற்குக் காரணம். மணியையும் சேமக்கலத்தையும் மாறி மாறி அடித்தாலோ, கண்ணை மூடிக்கொண்டும் எது எதுவெனச் சொல்லலாம். அதுதான் பண்பு. சிறு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

இனிச் சுருதியைச் சற்று விரிவாகப் பார்த்தல் தகும், ஏனெனில் குழப்பம் கூடுதலாக இருப்பது அங்கேதான். முதலில் அச்சொல்லே பல பொருள் தருவது. வேதத்துக்குச் சுருதி என்று பெயர். ஒரு ஸ்தாயியை இருபத்திரண்டு நுண்ணிய பகுதிகளாகப் பகுக்கும்பொழுது ஒவ்வொன்றுக்கும் சுருதி என்று பெயர். பாடகர் தமக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளும் ஷட்ஜத்தின் உயரத்துக்கும் சுருதி என்றே பெயர். ‘சுருதி சேர்ந்தது’, ‘சுருதி விலகிற்று’ என்று கச்சேரியிற் பேசப்படுவது இந்த மூன்றாவது பொருளையே. சுருதியைத் தாயென்றும் லயத்தைத் தந்தையென்றும் பெரியோர் சொல்லி வைத்ததும் இதனையே கருதியாகும். இராகம் வேறு, சுருதி வேறு என்பதையும் இங்கு நினைவில் வைத்தல் வேண்டும். மோகனம் எந்தச் சுருதியிற் பாடினாலும் மோகனமே.

ஆதார சுருதியைக் ‘கட்டை’ என்னும் அளவாற் குறிப்பது வழக்கம். ஆர்மோனியத்தில் விரலால் அழுத்தும் கட்டைகளே இப்பெயரைத் தந்தன. வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை எண்ணப்படும். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை எனப்படும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. ஆகவே ‘மூன்றரைக் கட்டை’ என்று ஒருவர் சொன்னால் அவர் ஆர்மோனியத்தைக் கிட்ட நின்று பார்த்ததில்லை என்று கொள்ளலாம். ஆறாம் கட்டைக்குச் செக்கனுக்கு 440 அதிர்வுகள் என்ற அளவு 1939 ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே கட்டை ஒரு ஸ்தாயி கீழே 220 அதிர்வுகளாகும். ஸ்தாயி ஒன்று ஏறுந்தோறும் அதிர்வு இரட்டிக்கும் என்பதே கணக்கு.

மந்திரம், மத்தியம், தாரம் என்னும் மூன்று ஸ்தாயிகளையும் பழந்தமிழர் மெலிவு, சமன், வலிவு என்றனர். அழகான சொற்களே. ஆனாலும் தாழ்ந்த சுருதிக்கு மெலிவு என்றும் உயர்ந்த சுருதிக்கு வலிவு என்றும் பெயர் அமைந்தது, பஞ்சபுராணத்தில் அந்தப் பிள்ளைக்கு நேர்ந்த மயக்கத்தையே நினைவூட்டுகிறது. மேலே பாடப் பலம் வேண்டும், பலமாகப் பாடினால் மேலே போகும் என்பது மனிதக் குரலின் இயல்பு. மூச்சின் அமுக்கம் கூடும்பொழுது குரல்நாண்கள் மேலும் இறுகுகின்றன. சுருதி தானாகவே சற்று ஏறுகிறது. சுருதியை அசையாமல் வைத்துக்கொண்டு உரப்பை மாத்திரம் கூட்டுவது பயிற்சியினால் வருவது. சங்கீத ஆசிரியர்கள் தொடக்கத்தில் மாதக்கணக்காகச் சரளி வரிசையைப் பாடுவிப்பது ஏன் என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆண்குரலும் பெண்குரலும் ஒன்றாய்ச் சேரும்பொழுது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆண்கள் பலருக்கு ஒரு கட்டை அளவில் ஷட்ஜம் வசதியாக இருக்கும். அது அண்ணளவாக 131 அதிர்வுகள். பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவர். அது 196 அதிர்வுகள். அதாவது பெண்ணின் ஷட்ஜம் ஆணின் பஞ்சமமாக இருக்கிறது. ஆண் ஒருவர் தமக்கு வசதியான சுருதியில் தேவாரத்தை எடுத்தால், பெண்களுக்குக் கீழ்ப்பகுதி குரலுக்குள் அகப்படாது. அவர்கள் ஒரு ஸ்தாயி மேலே போய்ப் பாடினாலோ உச்சியில் 523 அதிர்வுகளைத் தொட வேண்டிவரும். பெண்பிள்ளை தனக்கு வசதியாய் எடுத்தால் ஆண்களின் தொண்டை இறுகும். கூட்டாகப் படிக்கும்பொழுது இரண்டரை, மூன்று கட்டை என நடுவில் ஓரிடத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. எவருக்கும் அங்கே முழு வசதி இல்லை. ஆனால் எவரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுமில்லை.

சபையோருக்குச் சுருதியைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உண்டு. நாதஸ்வர வித்துவானுக்கு அது குறைவு. குழலின் நீளமே பெரும்பாலும் சுருதியைத் தீர்மானித்துவிடுகிறது. குட்டையான திமிரி உயர்ந்த சுருதி உடையது. நீண்ட பாரி தாழ்ந்த சுருதி உடையது. திருவாவடுதுறை ரி. என். இராஜரத்தினம்பிள்ளை (1898–1956) பாரியை எடுத்து வாசித்த பிறகே அது பரவலாயிற்று. இப்பொழுது இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியிலமைந்த பாரியே பெரும்பாலும் பாவனையில் உள்ளது. அதனை ஆச்சா மரத்திற் கடைந்து செய்யும் ஊர்களில் முதன்மையானது தஞ்சாவூர்ப் பகுதியிலுள்ள நரசிங்கம்பேட்டை. அவ்வூர் நாதஸ்வரத்துக்கு 2022 ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. திருவிழாக் காலையில் வித்துவான் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்துவதையும், சிறிது ஊதுவதையும், பின் சீவாளியைக் கழற்றிச் சரிபார்ப்பதையும் கண்டு, நேரம் கடத்துகிறார் என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. குழலுக்குள் இருக்கும் காற்று மூச்சினாற் சூடேறச் சூடேறச் சுருதி ஏறும். சுருதிப்பெட்டியோ ஏறாது. அவ்விரண்டையும் இணக்கும் வேலையைத்தான் அவர் செய்கிறார். முற்காலத்தில் ‘ஒத்து’ என்னும் விரல்துளையில்லாத குழலை ஒருவர் இடைவிடாது ஊதிக்கொண்டே உடன் வருவார். அந்த வேலையைச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டது.

உரப்பைப் பற்றிக் கர்நாடக சங்கீத இலக்கண நூல்கள் அதிகம் பேசுவதில்லை. மேற்கத்திய இசையில் மெல்ல, பலமாக என்பனவற்றுக்கு இத்தாலியச் சொற்களை இசைத்தாளிலேயே எழுதிவிடுகிறார்கள். மெல்ல என்று பொருள்படும் அச்சொல்லே பியானோ என்னும் வாத்தியத்தின் பெயராகவும் நிலைத்தது. மெல்லவும் பலமாகவும் வாசிக்கக்கூடியது என்ற நீண்ட பெயரின் எச்சம் அது. இங்கே சுரப்படுத்திய கீர்த்தனையில் அப்படி ஒரு குறியும் இல்லை. ஆனால் நூலில் இல்லாதது கோயில் வழக்கத்தில் உண்டு. ‘கெட்டிமேளம்’ என்னும் சொல்லே உரப்பின் பெயர்தான். தீபாராதனையில் காண்டாமணியும் சங்கும் சேமக்கலமும் தவிலும் ஒருசேர ஓங்குகின்றன. கற்பூரம் அணைந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. அந்த அமைதிக்குள்தான் தேவாரம் எழுகிறது. சுவாமி புறப்படும்பொழுது வாசிக்கும் மல்லாரிக்குத் தவில் முழங்கும். பள்ளியறையில் அதே கலைஞர்கள் அடக்கி வாசிப்பார்கள். நாதஸ்வரத்தில் மெல்ல வாசிப்பது எளிதன்று. சீவாளி அதிர ஒரு குறிப்பிட்ட மூச்சுப் பலம் கட்டாயம் வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒலியே வராது. வெளிவீதிக்கென்றே பிறந்த வாத்தியம் அது. ஆகவே பள்ளியறைக்கு மெலிதாக வாசிக்கும் வித்துவானின் திறமை, வீதியில் வேகமாக வாசிப்பவரின் திறமைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

ஒலிபெருக்கி வந்தபின் இந்த ஏற்ற இறக்கம் பல இடங்களிற் போய்விட்டது. எல்லாம் ஒரே உரப்பில், அதுவும் உச்ச உரப்பில் ஒலிக்கின்றன. செவியின் கணக்கு விசித்திரமானது. ஒலியின் வலு பத்து மடங்கானால்தான் (அதனைப் பத்து டெசிபெல் என்பர்) செவிக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும். நான்கு ஒலிபெருக்கிகள் கட்டிய இடத்தில் எட்டாகக் கட்டினால் கூடுவது மூன்று டெசிபெல் மட்டுமே. கேட்பவருக்குச் சிறிய வித்தியாசந்தான். உபயகாரரின் பணம் அங்கே காற்றோடு போகிறது. இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தி 2007 ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் எல்லா மத வழிபாட்டிடங்களுக்கும் பொதுவானதே. சட்டம் ஒருபுறமிருக்க, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

உரப்பை அளவுக்கு மீறிக் கூட்டும்பொழுது கெடுவது உரப்பல்ல, பண்பு. இதனை விளங்கிக்கொள்ளப் பண்பு எவ்வாறு உண்டாகிறது என்று அறிதல் வேண்டும். தம்புராவின் ஷட்ஜத் தந்தியை மீட்டினால் கேட்பது ஓர் ஒலி மட்டுமன்று. அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் மெலிதாகக் கலந்திருக்கும். இவை மேற்றொனிகள். மூன்று மடங்கானது தார ஸ்தாயிப் பஞ்சமம். ஐந்து மடங்கானது அந்தர காந்தாரம். யாரும் மீட்டாமலே தம்புராவில் காந்தாரம் தோன்றுவது இதனால்தான். தந்திக்குக் கீழே செருகும் ‘ஜீவா’ என்னும் நூல் இந்த மேற்றொனிகளைத் தூண்டிவிடுகிறது. பெயர் பொருத்தமானதே. எந்த மேற்றொனி எவ்வளவு பலமாகக் கலந்திருக்கிறது என்னும் விகிதமே ஒரு வாத்தியத்தின் பண்பை அமைக்கிறது. நாதஸ்வரத்தில் மேற்றொனிகள் மலிந்திருப்பதால் அதன் ஒலி கணீரென்று தொலைதூரம் கேட்கிறது. புல்லாங்குழலில் அவை குறைவு; ஒலி மென்மையாயிருக்கிறது.

தோற்கருவிகளில் மேற்றொனிகள் பொதுவாக ஒழுங்கான மடங்குகளாக அமைவதில்லை. அதனாலேயே பறையின் ஒலியை எந்தச் சுரமென்று பாடிக்காட்ட முடிவதில்லை. மிருதங்கம் இதற்கு விலக்கு. அதன் வலந்தலையில் பூசப்படும் கருமையான சோறு அந்த மேற்றொனிகளை ஒழுங்குபடுத்தித் தந்திவாத்தியத்துக்கு நிகரான இனிமையைத் தருகிறது. இதனை விஞ்ஞானி சி. வி. இராமன் ஆராய்ந்து 1920 ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்டார். பத்து ஆண்டுகளின் பின் அவர் நோபல் பரிசு பெற்றது ஒளியைப் பற்றிய ஆய்வுக்காக. அவர் காட்டிய நுட்பத்தை மிருதங்கம் செய்த கைவினைஞர்கள் பல தலைமுறைகளாகக் கையிலேயே வைத்திருந்தார்கள். தவிலின் வலந்தலையில் அப்படிப் பூச்சு இல்லை. அங்கே விரற்கூடுகளும் கம்பும் பேசுகின்றன. சுரம் குறைவு, சொற்கட்டு அதிகம். 1975 ஆம் ஆண்டு மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவர்கள் இன்றும் பேசுவது அந்தச் சொற்களின் தெளிவைப் பற்றித்தான், சத்தத்தைப் பற்றியன்று.

மரத்திலும் கோபுரத்திலும் கட்டும் கூம்பு வடிவ ஒலிபெருக்கி தாழ்ந்த அதிர்வுகளைச் சரிவர வெளிவிடாது. ஆண் குரலின் அடிப்படைச் சுரமே அதில் தேய்ந்துவிடும். மிஞ்சுவது தகரத்தில் உரசினாற் போன்ற ஒலி. பெருக்கியை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சிகள் வெட்டுண்டு, பாடகரிடம் இல்லாத மேற்றொனிகள் புதிதாக முளைக்கின்றன. அப்பொழுது சொல் விளங்காது. சொல் விளங்கவில்லையென்று இன்னும் கூட்டுவார்கள். திருமுறையில் சொல்லே போய்விட்டால் எஞ்சுவது என்ன?

இசையையும் கணக்கையும் ஒன்றாய்ப் பார்ப்பது இந்நாட்டுச் சைவர்களுக்குப் புதிதன்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழர் யாழின் நரம்புகளையும் அவற்றின் சுர அளவுகளையும் கணித்து அவர் எழுதிய யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். திருஞானசம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்துக்குப் புறநீர்மை என்று பண் வகுக்கப்பட்டிருப்பதும், அதனைப் பூபாளத்திற் பாடுவது வழக்கமென்பதும் பண்ணிசை பயிலும் பிள்ளைகள் அறிந்தவையே. பண் தெரிந்த பிள்ளைக்கு, அந்தப் பண்ணை எந்த உயரத்தில் எடுப்பது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

மீண்டும் பஞ்சபுராணத்துக்கே வந்தால், செய்யக்கூடியது மிகச் சிறியது. தேவாரத்துக்கு ஒரு பண், திருவாசகத்துக்கு மோகனம், திருவிசைப்பாவுக்கும் திருப்பல்லாண்டுக்கும் ஆனந்தபைரவி, பெரியபுராணத்துக்கு மத்தியமாவதி என்று இராகம் மாறலாம், சுருதி மாறக்கூடாது. ஒவ்வொரு பாட்டையும் நினைத்த உயரத்தில் எடுப்பதே சபையைக் குழப்புவது. படிக்கும் பிள்ளை வீட்டிலேயே பாட்டின் மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் முதலிற் பாடிப்பார்த்து, இரண்டும் குரலுக்குள் அடங்கும் கட்டையைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம். கோயிலில் சுருதிப்பெட்டியை அந்தக் கட்டையில் வைத்து, ஷட்ஜத்தை ஒரு மூச்சு நீளத்துக்குக் கேட்டபின் தொடங்கலாம். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்தால் சொல் தெளியும். பின்னால் நிற்கும் பெரியவருக்குக் கேட்காவிட்டால், அவர் ‘சுருதி அப்படியே இருக்கட்டும் அம்மா, உரப்பை மட்டும் கூட்டு’ என்று சொல்லலாம். பிள்ளைக்கு அது விளங்கும்.